நாலு நோடு, ஒரு லேப்டாப்: வீட்டிலேயே பிளாக்செயின் சோதனை வலையமைப்பு அமைக்க முழுமையான வழிகாட்டி

கேரளத்தின் இடுக்கி மலையில், வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் என் மாமா ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வைத்திருக்கிறார். தோட்டத்திலிருந்து பச்சைக்காய் வரும், எடை போட்டு ஸ்டோரில் ஏற்றுவார்கள், காய்ந்ததும் தரம் பிரித்துப் புற்றடி ஏலத்துக்கோ போடி ஏலத்துக்கோ அனுப்புவார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய். அந்த 'ஏறக்குறைய'வில்தான் சண்டை எல்லாம். தோட்டத்துக்காரர் நோட்டில் ஒரு எடை, ஸ்டோர் நோட்டில் ஒரு எடை, வியாபாரி நோட்டில் இன்னொன்று.

எல்லோரிடமும் ஒரே கணக்கு இருக்கும்படி ஒரு பிளாக்செயின், அதாவது ஆளுக்கொரு நகல் வைத்து, எல்லோரும் ஒப்பியே பக்கம் சேர்க்கும் கணக்குச் சங்கிலி, செய்யலாம் என்று ஒரு ஓணம் லீவில் வாயை விட்டேன். மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்: "நாலு பேரும் ஆளுக்கொரு நோட்டு வச்சிருக்கோம்ங்கிற. சரி மாப்ள. ஒருத்தன் கடையைச் சாத்திட்டுப் போயிட்டா கணக்கு நிக்குமா ஓடுமா? ரெண்டு பேரு கூட்டுச் சேந்து மாத்தி எழுதுனா?"

இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் வலையமைப்பை ஓட வைப்பதோடு நின்றுவிடுகின்றன. மாமா கேட்டதோ அது எப்போது நிற்கும் என்று. ஆகவே இந்த வழிகாட்டியில் பாதி கட்டுவதற்கு, பாதி உடைத்துப் பார்ப்பதற்கு.

ஒரு முன்குறிப்பு. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் எந்தக் கட்டளைக்கும் பின்னால் --ஹெல்ப் என்று போட்டால் சரியான வடிவம் திரையில் வரும். கோடுகளும் புள்ளிகளும் இங்கே உள்ளபடியே.

எதைக் கொண்டு கட்டுவது

ஒப்பந்தக் குறிமுறை (சங்கிலிக்குள் ஓடும் சிறு நிரல்) எழுதி உடனே சோதிக்க மட்டும் வேண்டுமென்றால் இந்தப் பாடே வேண்டாம். ஹார்ட்ஹாட், ஆன்வில் போன்ற கருவிகள் ஒற்றை நோடாக ஒரு நொடியில் எழுந்து நிற்கும். நோடு என்பது சங்கிலியின் ஒரு நகலை வைத்துக்கொண்டு ஓடும் நிரல். ஆனால் ஒற்றை நோடில் கருத்து வேறுபாடு என்பதே கிடையாது. மாமாவின் கேள்விக்கு அங்கே விடை இல்லை.

நான் எடுத்துக்கொண்டது ஹைப்பர்லெட்ஜர் பெசு. 2019 வரை பாந்தியன் என்ற பெயரில் இருந்த, எத்தீரியம் என்ற பொது பிளாக்செயினுக்கான மென்பொருள் அது, ஜாவாவில் எழுதப்பட்டது. அதற்குள் கியூபிஎஃப்டி என்ற ஒருமித்த முடிவு முறை இருக்கிறது. பிட்காயினில் போலக் கணினிகள் போட்டி போட்டுச் சுரங்கம் தோண்டும் வேலை கிடையாது. அனுமதி பெற்ற சில சரிபார்ப்பாளர்கள் முறைவைத்து ஒரு பக்கத்தை, அதாவது பிளாக்கை, முன்மொழிவார்கள், மற்றவர்கள் ஓட்டுப் போடுவார்கள், போதிய ஓட்டு விழுந்தால் பக்கம் ஒட்டப்படும், அதன்பின் கிழிக்க முடியாது. 1999இல் கேஸ்ட்ரோவும் லிஸ்கோவும் வெளியிட்ட முறையின் வழியில் வந்தது. அதற்கும் முன்னால் 1982இலேயே லாம்போர்ட்டும் கூட்டாளிகளும், பொய்யர்கள் நடுவே ஒருமித்து முடிவெடுக்கும் இந்தச் சிக்கலைப் பைசாந்தியத் தளபதிகள் கதையாக எழுதிவிட்டார்கள்.

ஏன் நாலு? பொய் சொல்லக்கூடியவர் ஒருவரைத் தாங்க வேண்டுமானால் மொத்தம் நாலு பேராவது வேண்டும். இருவரைத் தாங்க ஏழு. மூவரைத் தாங்க பத்து. மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டும் கணக்கு. நாலு பேரில் மூன்று ஓட்டு விழுந்தால் பக்கம் தேறும். ஐந்தாவது ஆளைச் சேர்த்தால் பாதுகாப்பு கூடும் என்று தோன்றும், கூடாது. ஐந்தில் நாலு ஓட்டு வேண்டும், தாங்குவது அப்போதும் ஒருவரைத்தான். செலவு மட்டும் கூடும்.

எங்கள் நாலு நோடுகளுக்கு நான் வைத்த பெயர்கள்: தோட்டம், ஸ்டோர், ஏலம், போடி. நோடு ஒன்று, நோடு இரண்டு என்று வைத்தால் இரவு பதினொரு மணிக்கு எதை அணைத்தோம் என்று மறந்துபோகும்.

இயந்திரமும் இறக்குமதியும்

எட்டு ஜிபி நினைவகம் போதும், ஆனால் இழுத்துப் பிடிக்கும். பதினாறு இருந்தால் நிம்மதி. நாலு நோடும் நாலு ஜாவா இயந்திரங்கள் என்பதை மறக்காதீர்கள். நாலையும் டாக்கரில் ஓட்டுவோம்; ஒவ்வொரு நிரலையும் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி அது. விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ்) வழியாக டாக்கர் ஓட்டுபவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது: அது இயல்பாக லேப்டாப் நினைவகத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். எட்டு ஜிபி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உள்ளே நாலுதான் இருக்கும். கண்டெய்னர் ஒன்று 137 என்ற வெளியேறும் எண்ணோடு செத்துக் கிடந்தால் பெரும்பாலும் நினைவகம் பற்றாமல் கொல்லப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு நோடுக்கும் பெசு_ஆப்ட்ஸ் என்ற சூழல் மாறியில் ஜாவா நினைவக உச்சவரம்பைக் குறித்துவிடுங்கள். சோதனைக்கு அரை ஜிபியில் தொடங்கி, திணறினால் ஒரு ஜிபிக்கு ஏற்றலாம்.

டாக்கரும், பல கண்டெய்னர்களை ஒரே கோப்பிலிருந்து எழுப்பும் டாக்கர் கம்போஸும் நிறுவுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவர்களுடைய பக்கத்தில் உள்ளபடி செய்யுங்கள்.

இமேஜ் (கண்டெய்னருக்கான மென்பொருள் மூட்டை) இறக்குவதுதான் எங்கள் பக்கம் வேலை. மழைக்காலத்தில் மலையில் சில நூறு எம்பி இறக்குவதற்குள் ஒரு மூட்டை காய் உலர்ந்துவிடும். கம்பத்திலிருந்து காலையில் தொழிலாளர் ஏறி வரும் ஜீப்பில் என் பென்டிரைவும் ஒருநாள் ஏறி வந்தது. கீழே இணையம் நன்றாக இருக்கும் இடத்தில் இமேஜை இறக்கி, 'டாக்கர் சேவ்' கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டி, மேலே வந்து 'டாக்கர் லோட்' செய்யலாம். இறக்கும் கணினியும் ஓட்டும் கணினியும் ஒரே வகைச் சிப் கொண்டவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்டெல் லேப்டாப்பில் கட்டியதை ஆப்பிள் சிலிக்கன் மேக்கில் அவிழ்த்தால் ஒன்று ஓடாது, அல்லது நத்தையாக ஊரும்.

இன்னொன்று: 'லேட்டஸ்ட்' என்ற குறியை நம்பாதீர்கள். ஒரு பதிப்பு எண்ணைத் தேர்ந்து நாலு நோடுக்கும் அதையே எழுதுங்கள். இன்று ஓடியது அடுத்த மாதம் ஏன் ஓடவில்லை என்று தேடுவதற்குப் பதிலாக வேறு உருப்படியான வேலை பார்க்கலாம்.

முதல் பக்கம்

பிளாக்செயினின் முதல் பக்கம் ஜெனிசிஸ் கோப்பு. நாலு பேரும் ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தொடங்குவது போல. ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு பத்திரம்; நோடுகள் ஒன்றையொன்று உறவென்று ஏற்காது.

முதலில் ஒரு ஃபோல்டர். அதில் ஒரு ஜேசன் கோப்பு (பெயரும் மதிப்புமாக எழுதும் எழுத்துக் கோப்பு) எழுதவேண்டும். பெசுவின் ஆவணத்தில் கியூபிஎஃப்டி பாடத்தில் மாதிரி இருக்கிறது. அதிலுள்ள மிக்ஸ்ஹாஷ் என்ற நீள எண்ணைக் கைவைக்காமல் அப்படியே எடுங்கள், ஏனென்றால் 'இது பைசாந்திய முறைச் சங்கிலி' என்று பெசு தெரிந்துகொள்வது அதை வைத்துத்தான். நீங்கள் யோசித்து நிரப்பவேண்டியவை சில:

செயின் ஐடி. பலரும் 1337 என்று போடுவார்கள், அதனாலேயே நீங்கள் வேறு எண் போடுங்கள். இல்லாவிட்டால் பழைய சோதனை ஒன்றின் நினைவோடு இருக்கும் வாலட் (சாவிகளை வைத்துப் பரிவர்த்தனை அனுப்பும் செயலி) உங்களைக் குழப்பும்.

பிளாக்பீரியட்செகண்ட்ஸ். இரண்டு என்று வைத்தால் இரண்டு நொடிக்கு ஒரு பக்கம். யாரும் ஒன்றும் எழுதாவிட்டாலும் வெற்றுப் பக்கங்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 43,200. சோதனைக்கு வேகம் நல்லது. ஏலக்காய் எடைக்கு ஐந்து நொடியே அதிகப்படி.

ரிக்வெஸ்ட்டைம்அவுட்செகண்ட்ஸ். முன்மொழிய வேண்டியவர் பேசாவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருந்து அடுத்தவருக்கு முறை விடுவது என்பது. பக்க இடைவெளியைப் போல இருமடங்கு வையுங்கள், அதாவது நாலு. இந்த எண்ணிடம் நாம் பிறகு திரும்பி வருவோம்; என்னுடைய ஒரு ஞாயிற்றுக்கிழமையை விழுங்கியது இதுதான்.

எத்தீரியத்தின் எந்தக் கட்ட விதிகள் என்பது. பெர்லின், லண்டன், ஷாங்காய் என்று கட்டங்களுக்கு ஊர்ப் பெயர்கள், இதே வரிசையில் வந்தவை. மாதிரியில் பெர்லின் என்று இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஒப்பந்தம் எழுதும் மொழியான சாலிடிட்டியின் புதிய கம்பைலர், 0.8.20 முதல், இயல்பாக ஷாங்காய் அல்லது அதற்குப் பிந்தைய கட்டத்துக்கான குறியீட்டை உமிழும். அதில் புஷ்0 என்ற புதுக் கட்டளை உண்டு. பெர்லின் சங்கிலிக்கு அது தெரியாது. 'தவறான ஆப்கோட்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கம்பைலரில் ஈவிஎம் (எத்தீரியத்தின் மெய்நிகர் இயந்திரம்) பதிப்பைப் பெர்லின் என்று மாற்றினால் தீர்ந்தது. ஜெனிசிஸிலேயே லண்டனுக்கோ அதற்கும் மேலோ ஏற்றினால் ஜீரோபேஸ்ஃபீ என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள், இல்லாவிட்டால் சோதனைச் சங்கிலியில்கூட ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கட்டணம் கேட்கும்.

கடைசியாக, எத்தனை நோடுகளுக்குச் சாவி வேண்டும் என்பதில் நாலு. கோப்பைச் சேமித்து இதை ஓட்டுங்கள். ஒரே வரிதான், படிக்க வசதியாகப் பிரித்திருக்கிறேன்:

டாக்கர் ரன் --ஆர்எம் -வி <உங்கள் ஃபோல்டரின் முழுப் பாதை>:/வேலை
ஹைப்பர்லெட்ஜர்/பெசு:<பதிப்பு>
ஆப்பரேட்டர் ஜெனரேட்-பிளாக்செயின்-கான்ஃபிக்
--கான்ஃபிக்-ஃபைல்=/வேலை/கியூபிஎஃப்டி.ஜேசன்
--டு=/வேலை/விளைவு --பிரைவேட்-கீ-ஃபைல்-நேம்=கீ

'விளைவு' ஃபோல்டர் முன்பே இருந்தால் மறுத்துவிடும், அழித்துவிட்டு ஓட்டவேண்டும். முடிந்ததும் உள்ளே ஜெனிசிஸ்.ஜேசன் ஒன்றும், நாலு சாவிக் கட்டுகளும் இருக்கும். ஒவ்வொரு கட்டிலும் கீ என்ற அந்தரங்கச் சாவி, கீ.பப் என்ற பொதுச்சாவி. ஜெனிசிஸ் கோப்பைத் திறந்து எக்ஸ்ட்ராடேட்டா என்ற இடத்தைப் பாருங்கள். புரியாத நீண்ட எண்ணாகத் தெரியும். அதற்குள் நாலு சரிபார்ப்பாளர்களின் முகவரிகள் பொதிந்திருக்கின்றன. யார் ஓட்டுப் போடலாம் என்ற வாக்காளர் பட்டியல் முதல் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டுவிட்டது.

நாலு கட்டையும் நாலு பெயர் ஃபோல்டர்களாக மாற்றிக்கொள்ளுங்கள். எந்தப் பாடத்திலிருந்து எடுத்த அந்தரங்கச் சாவியாக இருந்தாலும் அது உலகத்துக்கே தெரிந்த சாவி. உண்மைப் பணம் உள்ள சங்கிலியில் அதன் நிழல்கூட விழக்கூடாது.

கம்போஸ் கோப்பு

நோடுகள் ஒன்றையொன்று 'ஈநோட்' என்ற முகவரியால் கண்டுபிடிக்கும். பொதுச்சாவி, அட் குறி, ஐபி, முக்கால்புள்ளி, 30303 என்ற போர்ட். இரண்டு தவறுகள் இங்கே எல்லோரும் செய்வார்கள். ஒன்று, கீ.பப் கோப்பில் உள்ளதை அப்படியே ஒட்டுவது. அதன் தொடக்கத்தில் உள்ள சைபர்-எக்ஸ் என்ற இரண்டு எழுத்தை வெட்டினால் சரியாக 128 எழுத்து மிஞ்சும், எண்ணிப் பாருங்கள். இரண்டு, ஐபிக்குப் பதில் கண்டெய்னர் பெயரை எழுதுவது. கம்போஸில் மற்ற எல்லாவற்றுக்கும் பெயர் எழுதிப் பழகிவிட்டோம், ஆனால் ஈநோட் இயல்பாக எண்ணைத்தான் ஏற்கும். ஆகவே கண்டெய்னர்களுக்கு நிலையான ஐபி கொடுக்கவேண்டும்.

'மலை' என்று ஒரு வலையமைப்பை 10.77.0.0/24 என்ற எல்லையில் அறிவித்தேன். அலுவலக விபிஎன் எதனோடும் மோதாத எல்லையாகப் பார்த்து எடுங்கள். ஒரு நோடின் பகுதி இப்படி இருக்கும்:

சர்வீசஸ்:
  தோட்டம்:
    இமேஜ்: ஹைப்பர்லெட்ஜர்/பெசு:<பதிப்பு>
    கமாண்ட்:
      - --டேட்டா-பாத்=/ஆப்ட்/பெசு/டேட்டா
      - --ஜெனிசிஸ்-ஃபைல்=/கான்ஃபிக்/ஜெனிசிஸ்.ஜேசன்
      - --நோட்-பிரைவேட்-கீ-ஃபைல்=/சாவி/கீ
      - --பூட்நோட்ஸ்=<நாலு ஈநோட்கள், கமாவால் பிரித்து>
      - --ஆர்பிசி-எச்டிடிபி-எனேபிள்ட்
      - --ஆர்பிசி-எச்டிடிபி-ஏபிஐ=ஈத்,நெட்,கியூபிஎஃப்டி
      - --ஹோஸ்ட்-அலௌலிஸ்ட்=*
      - --மின்-கேஸ்-பிரைஸ்=0
    போர்ட்ஸ்: 127.0.0.1:8545:8545
    நெட்வொர்க்ஸ்:
      மலை: ஐபிவி4_அட்ரஸ்: 10.77.0.11

கடைசி இரண்டையும் கம்போஸ் கோப்பின் வடிவமான யாமல் இலக்கணப்படி அடுத்தடுத்த வரியில் உள்தள்ளி எழுதவேண்டும். ஸ்டோருக்கு .12, ஏலத்துக்கு .13, போடிக்கு .14. வெளிப் போர்ட்கள் 8546, 8547, 8548 என்று நகரும். உள்ளே எல்லோருக்கும் 8545தான். முன்னால் 127.0.0.1 போட்டிருப்பதைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் டீக்கடை வைஃபையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து மேசைக்காரரும் உங்கள் சங்கிலியோடு பேசலாம். நட்சத்திரக் குறி போட்ட அலௌலிஸ்ட் லேப்டாப்புக்குள் மட்டுமே தகும்.

வால்யூம்கள் (கண்டெய்னருக்கு வெளியே தரவு தங்கும் இடங்கள்) மூன்று: தரவுக்குப் பெயரிட்ட வால்யூம், ஜெனிசிஸுக்கும் சாவிக்கும் படிக்க மட்டுமான இணைப்பு. பெசு இமேஜ் ரூட்டாக ஓடாது, பெசு என்ற பயனராக ஓடும். தரவை உங்கள் ஃபோல்டரோடு நேரடியாக இணைத்தால் 'பர்மிஷன் டினைட்' வரக்கூடும். ஃபோல்டரின் உரிமையை 1000 என்ற பயனர் எண்ணுக்கு மாற்றுங்கள்.

ஒவ்வொரு சர்வீஸுக்கும் லாகிங் பகுதியில் மேக்ஸ்-சைஸ் ஒன்றும் கொடுத்துவிடுங்கள். டாக்கர் இயல்பாக லாக் கோப்பை வெட்டாது. இரண்டு நொடிக்கு ஒரு வரியென நாலு நோடும் எழுதிக்கொண்டிருந்தால் ஒரு மாதத்தில் டிஸ்க் ஏன் நிறைந்தது என்று தேடுவீர்கள்.

இனி எழுப்பலாம்: டாக்கர் கம்போஸ் அப் -டி.

ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்

'டாக்கர் கம்போஸ் பிஎஸ்' என்றால் நாலும் 'அப்' என்று காட்டும். அதை வைத்து மகிழ வேண்டாம். ஒன்றையொன்று பார்க்காமல் நாலு நோடுகள் தனித்தனியே விழித்துக்கொண்டிருந்தாலும் அது 'அப்' என்றுதான் சொல்லும். கேட்கவேண்டியது மூன்று கேள்வி. கர்ல் என்ற கட்டளை கொண்டு, நோடோடு கேள்வி-பதிலாகப் பேசும் வழியான ஜேசன்-ஆர்பிசியில் ஒவ்வொரு நோடிடமும் கேளுங்கள்.

நெட்_பியர்கவுண்ட், அதாவது இணைந்திருக்கும் மற்ற நோடுகளின் (பியர்) எண்ணிக்கை: மூன்று என்று வரவேண்டும். சைபர் வந்தால் ஈநோட் எழுதியதில் பிழை, அல்லது ஜெனிசிஸ் வேறு. ஈத்_பிளாக்நம்பர்: இரண்டு முறை கேட்டால் எண் கூடியிருக்கவேண்டும், நாலு நோடும் ஏறக்குறைய ஒரே எண் சொல்லவேண்டும். பதினாறின் அடிமானத்தில் வரும், பதறவேண்டாம். கியூபிஎஃப்டி_கெட்வேலிடேட்டர்ஸ்பைபிளாக்நம்பர்: நாலு முகவரிகள் வரவேண்டும். இந்தப் பெயர்களில் அடிக்கோட்டுக்குப் பின் வரும் இரண்டாவது சொல் முதல் ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில் தொடங்கும்.

எண் கூடவில்லை, ஆனால் பியர் மூன்று என்றால், பெரும்பாலும் சாவி மாறியிருக்கிறது. பாதையைத் தவறாக எழுதியிருந்தால் நோடு தனக்குப் புதிதாக ஒரு சாவியை உருவாக்கிக்கொண்டு எழுந்துவிடும்; வாக்காளர் பட்டியலில் அதன் பெயர் இராது. கூட்டத்துக்கு வந்திருப்பார், ஓட்டு மட்டும் இல்லை.

ஜெனிசிஸை ஒருமுறை திருத்தினால், பழைய தரவை வைத்துக்கொண்டு நோடு எழாது. சேமித்த சங்கிலியோடு பொருந்தவில்லை என்று சொல்லி நிற்கும். 'டாக்கர் கம்போஸ் டவுன் -வி' போட்டு வால்யூமோடு அழித்துவிட்டுத் தொடங்குங்கள். அந்த -வி இல்லாத 'டவுன்' கண்டெய்னரை மட்டும் அகற்றும், தரவு இருக்கும். இந்த ஒரு எழுத்தின் வேறுபாட்டை விரல் மறந்த நாளில் நான் இரண்டு வாரத் தரவை இழந்தேன். அழித்துத் தொடங்கியபின் மெட்டாமாஸ்க் என்ற வாலட்டில் பரிவர்த்தனை தொங்கிக்கொண்டே இருந்தால், அது பழைய சங்கிலியின் வரிசை எண்ணை நினைவில் வைத்திருக்கிறது. அமைப்பில் செயல்பாட்டுத் தரவை அழித்தால் சரியாகும்.

ஒரு சின்ன ஒப்பந்தம்

வெற்றுப் பக்கங்களை அணைத்துப் பார்ப்பதில் சுவை இல்லை. லாட் எண், எடை, தரம், எழுதியவர் முகவரி என்ற நாலும் கொண்ட ஒரு பதிவேட்டை சாலிடிட்டியில் எழுதி ஏற்றினேன். எடையைக் கிராமில் முழு எண்ணாக எழுதுங்கள். சாலிடிட்டியில் தசமப் புள்ளி வைத்துக் கணக்குப் போட வழியில்லை, 12.4 கிலோ என்பது 12400. ஆட்களின் பெயரும் கைபேசி எண்ணும் சங்கிலிக்குள் போகக்கூடாது. அழிக்க முடியாத இடத்தில் அழிக்கவேண்டியதை எழுதக்கூடாது. ரசீதின் ஹாஷ் (ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை எண்) மட்டும் போதும்.

ஐந்து நொடிக்கு ஒரு லாட் எழுதிக்கொண்டே இருக்கும் ஒரு ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். இனிதான் வேலை ஆரம்பம்.

உடைத்தல்

முதலில் ஒருவர் கடையைச் சாத்துகிறார். 'டாக்கர் கம்போஸ் ஸ்டாப் போடி'. பக்கங்கள் தொடர்ந்து வருகின்றன. ஆனால் கூர்ந்து பாருங்கள்: போடியின் முறை வரும்போதெல்லாம் ஒரு தடுமாற்றம். மற்ற மூவரும் நாலு நொடி காத்திருந்து, பேசவில்லை என்று முடிவு செய்து, அடுத்தவருக்கு முறை விடுகிறார்கள். மாமாவின் முதல் கேள்விக்கு விடை: ஓடும், கொஞ்சம் நொண்டும்.

'ஸ்டாப்' மரியாதையான நிறுத்தம். பத்து நொடி அவகாசம் கொடுத்துத்தான் கொல்லும். எங்கள் ஊர்க் கரண்டு அப்படிச் சொல்லிவிட்டுப் போவதில்லை. அதற்கு நெருக்கமானது 'டாக்கர் கம்போஸ் கில்'. இரண்டையும் செய்து பாருங்கள். போடியைத் திரும்ப எழுப்பினால் விட்ட பக்கங்களை மற்றவர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் சேர்ந்துவிடும்.

அடுத்து இருவரை அணையுங்கள். பக்க எண் அப்படியே நிற்கும். பிழைச் செய்தி எதுவும் உங்கள் நிரலுக்கு வராது என்பதுதான் இதில் ஆபத்து. ஆர்பிசி வழக்கம்போல் பதில் சொல்லும், புதுப் பரிவர்த்தனையை வாங்கிக்கொண்டு பரிவர்த்தனை எண்கூடக் கொடுக்கும். ஆனால் அது காத்திருப்போர் குளத்தில் கிடக்கும். அந்தக் குளம் இயல்பாக நினைவகத்தில்தான் இருக்கிறது. நோடை மறுதொடக்கம் செய்தால் வற்றிவிடும். உங்கள் மென்பொருள் அந்தப் பரிவர்த்தனை எண் கிடைத்ததும் 'பதிவாகிவிட்டது' என்று பச்சை விளக்குக் காட்டுமானால் அது பொய். பரிவர்த்தனை ஒரு பக்கத்தில் ஏறியதற்கான ரிசீட் வந்தபிறகே காட்டவேண்டும். என் முதல் ஸ்கிரிப்ட் அந்தப் பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை. இருவரை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். சித்தி வீட்டு விருந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்து இருவரையும் எழுப்பினேன். நாலு நோடும் அப், பியர் மூன்று, பக்கம் மட்டும் நகரவில்லை. ஜெனிசிஸைப் பார்த்தேன், சாவியைப் பார்த்தேன், சாயங்காலம் ஆகிவிட்டது. காரணம் அந்த டைம்அவுட். ஒவ்வொரு சுற்றும் தோற்கும்போது காத்திருக்கும் நேரம் இருமடங்காகிறது: 4, 8, 16, 32. பத்து சுற்று தோற்றபின் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பு 4096 நொடி, அதாவது ஒரு மணி எட்டு நிமிடம். விழித்திருந்த இருவரும் அந்த நீண்ட காத்திருப்பில் இருந்தார்கள். புதிதாக எழுந்த இருவரும் முதல் சுற்றிலிருந்து தொடங்கினார்கள். ஒரே பந்தியில் மூன்று பேராவது உட்காராமல் இலை போட முடியாது. நாலையும் ஒன்றாக மறுதொடக்கம் செய்தேன். எல்லோரும் முதல் சுற்றுக்கு வர, சில நொடிகளில் பக்கம் நகர்ந்தது. பதிப்பைப் பொறுத்து இந்தத் தாமதம் கூடலாம் குறையலாம். ஆனால் உண்மை வலையமைப்பில் நாலு நோடும் நாலு முதலாளிகளிடம் இருக்கும். 'எல்லோரும் ஒரே நேரத்தில் மறுதொடக்கம் செய்யுங்கள்' என்று யார் யாருக்குப் போன் போடுவது? அதை முன்கூட்டியே எழுதி வைக்கவேண்டும்.

மூன்றாவது, இணைப்புத் துண்டிப்பு. 'டாக்கர் நெட்வொர்க் டிஸ்கனெக்ட்' கொண்டு ஏலத்தையும் போடியையும் 'மலை'யிலிருந்து கழற்றி, இன்னொரு வலையமைப்பில் இருவரையும் சேர்த்துவிடுங்கள். மலைக்கு மேலே இருவர், கீழே இருவர். சுரங்கமுறைச் சங்கிலியாக இருந்தால் இரு பக்கமும் தனித்தனிக் கதை எழுதிக்கொண்டே போயிருப்பார்கள். இங்கே எந்தப் பக்கத்திலும் மூன்று ஓட்டு இல்லை, இரண்டும் நிற்கும். தப்பாக எழுதுவதைவிட எழுதாமல் இருப்பது மேல் என்பது கியூபிஎஃப்டியின் குணம். திரும்ப இணைக்கும்போது --ஐபி என்று பழைய எண்ணைக் கட்டாயம் கொடுங்கள். மறந்தால் டாக்கர் வேறு எண் கொடுத்துவிடும், மற்றவர்கள் பழைய வாசலிலேயே தட்டிக்கொண்டிருப்பார்கள்.

'டாக்கர் பாஸ்' வேறு விதம்: கண்டெய்னர் உறைந்துபோகும், இணைப்பு அறுந்ததாகத் தெரியாது. தொங்கிப்போன கணினிக்கு ஒத்திகை. மெதுவான இணையத்துக்கு லினக்ஸின் நெட்எம் கருவியால் 300 மில்லிநொடி தாமதம் புகுத்தலாம். பெசு இமேஜில் அந்தக் கருவி இராது. அது உள்ள இன்னொரு சிறு கண்டெய்னரை, நெட்_அட்மின் உரிமையோடு, அதே நோடின் வலையமைப்புக்குள் ஒட்டவைத்து ஓட்டவேண்டும்.

ஒரே லேப்டாப்பில் சோதிக்க முடியாதவையும் உண்டு. நாலு கண்டெய்னருக்கும் ஒரே கடிகாரம், ஒரே டிஸ்க். ஸ்டோர் கணினியின் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தினால் என்ன ஆகும் என்பது இங்கே தெரியவராது.

மாமாவின் இரண்டாவது கேள்வி மிச்சம். இருவர் கூட்டுச் சேர்ந்தால்? பழைய பக்கத்தை மாற்ற முடியாது. ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் ஹாஷைச் சுமப்பதால், திருத்திய நோட்டு மற்ற இருவரின் நோட்டோடு ஒத்துப்போகாது. ஆனால் நாலில் இருவர் பொய்யர்கள் என்றால் இந்த முறையின் கணக்கு உடைகிறது. அவர்கள் சங்கிலியை நிறுத்தலாம். மென்பொருளையே மாற்றி எழுதும் அளவு துணிந்தால், நேர்மையான இருவருக்கும் ஆளுக்கொரு வேறு பக்கத்தைக் காட்டி, இரண்டுக்கும் மூன்று ஓட்டு சேர்க்கலாம். இருவரைத் தாங்க ஏழு நோடு வேண்டும் என்றது இதற்காகத்தான். இதைச் சொன்னதும் மாமா, "அப்ப தராசுலயே கள்ளம் பண்ணுனா?" என்றார். அதற்குச் சங்கிலியில் மருந்து இல்லை மாமா, நல்ல தராசுதான் வாங்கவேண்டும் என்றேன்.

ஒரு நோடை வெளியே அனுப்புதல்

லேப்டாப்பில் எல்லாம் பழகியபின், ஸ்டோர் நோடை மட்டும் உண்மையான ஸ்டோரிலிருந்த பழைய கணினிக்கு மாற்றினேன். வீட்டுக்கும் ஸ்டோருக்கும் நடுவே வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கப்பாதை. டாக்கர் பிரிட்ஜின் ஐபி இங்கே உதவாது. நாலு கண்டெய்னரையும் ஹோஸ்ட் நெட்வொர்க்கில் ஓட்டி, லேப்டாப்பில் உள்ள மூன்றுக்கும் --பி2பி-போர்ட் வெவ்வேறாகக் கொடுத்து, --பி2பி-ஹோஸ்ட் என்பதில் சுரங்கப்பாதையின் ஐபியை அறிவித்து, ஈநோட்களை அதன்படி மாற்றி எழுதவேண்டும். ஆர்பிசி போர்ட்களும் மோதாமல் பிரித்து, --ஆர்பிசி-எச்டிடிபி-ஹோஸ்ட்டை 127.0.0.1 ஆக்குங்கள். ஹோஸ்ட் நெட்வொர்க்கில் கம்போஸின் போர்ட்ஸ் வரிக்கு வேலை இல்லை, பழைய காவல் போய்விடும். இது லினக்ஸில் சுத்தமாக வரும். கடிகாரத்தை, இணையம் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியோடு கட்டிவிடுங்கள்.

ஆறு மணிக்கு மழை பிடித்தது. திரையில் பியர் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டானது. நாலு முறைக்கு ஒருமுறை பக்கம் நொண்டத் தொடங்கியது. ஐந்து நிமிடம் கழித்து மாமா போன் அடித்தார்.

"மாப்ள, இங்க கரண்டு போயிருச்சு."

"தெரியும் மாமா. பத்தொன்பதாவது லாட் வரைக்கும் வந்திருச்சு, இருபதைக் கரண்டு வந்ததும் திரும்பப் போடுங்க."

"அதுவரைக்கும்?"

"நோட்டுல எழுதி வைங்க."